நாலு ஈசிஜியும் நார்மல், ஆனா தம்பிக்கு செத்துடுவோம்ங்கிற பயம்: இது என்ன நோய், எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி சரியாகும்

கேள்வி சுருக்கமா இதுதான்: "என் தம்பிக்கு 27 வயசு, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கான். மூணு மாசத்துல நாலு தடவை நடுராத்திரில நெஞ்சு அடைக்குது, செத்துடுவேன் போலருக்குன்னு எழுப்பிட்டான், கேஷுவாலிட்டிக்கு தூக்கிட்டு ஓடினோம். நாலு ஈசிஜியும் நார்மல். ஒரு டாக்டர் கேஸ்னாரு, ஒருத்தர் டென்ஷன்னாரு, அம்மா பயந்த கோளாறுன்னு மந்திரிச்சு தாயத்து கட்டிட்டாங்க. இப்ப பஸ்ல ஏறவே மாட்டேங்கிறான், பாக்கெட்ல ஆல்பிரசோலம்ங்கிற பதட்ட மாத்திரையை வச்சுக்கிட்டுதான் வெளிய போறான். இது ஹார்ட்டா மனசா? மாத்திரைக்கு அடிமையாகிடுவானா? கல்யாணம் பண்ணி வச்சா சரியாகிடுமா?"

தங்கச்சி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல பதினாறு வருஷமா டாக்டரா இருக்கேன், வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது இதே கதையோட வர்றாங்க, ஒரு மஞ்சப்பைக்குள்ள நாலஞ்சு ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், கேஸ் மாத்திரை எழுதின சீட்டு எல்லாத்தையும் மடிச்சு வச்சிருப்பாங்க. அதனால நீளமாவே எழுதறேன். நேர்ல பாக்காம உங்க தம்பிக்கு இதுதான்னு யாராலயும் முத்திரை குத்த முடியாது, ஆனா நீங்க சொன்னது எல்லாமே பானிக் டிஸார்டர்ங்கிற பதட்ட நோய் பக்கம்தான் கை காட்டுது.

முதல்ல அந்த "நார்மல்"ங்கிற வார்த்தையைப் பத்தி. ஈசிஜி நார்மல்னா அந்த நேரத்துல இதயத்தோட மின்துடிப்பு ஒழுங்கா இருக்கு, அவ்ளோதான் அர்த்தம். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவாலிட்டில டியூட்டில இருக்கறவங்க பின்னாடி ஆக்ஸிடென்ட் கேஸ் நிக்கறதால "ஒண்ணும் இல்லப்பா, வீட்டுக்குப் போ"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க, நம்ம ஆளு என்ன நினைக்கிறாரு? நமக்கு வந்தது என்னன்னு டாக்டருக்கே பிடிபடல, அப்ப ஏதோ பெரிய வியாதிதான்னு நினைக்கிறாரு. இல்லன்னா வீட்டுல நம்மளை நடிக்கிறான்னு நினைச்சுடுவாங்களோன்னு கூனிக் குறுகிடறாரு. ரெண்டுமே நோயை வளர்க்கும். உங்க தம்பி நடிக்கல. அவர் உடம்புல அந்த நேரத்துல நடக்கறது அத்தனையும் நிஜம், அளந்து பாக்கக்கூடிய நிஜம்.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். நமக்குள்ள ஒரு அபாய மணி இருக்கு, மூளைல அமிக்டலான்னு ஒரு சின்னப் பகுதி, பாம்பைப் பாத்தா யோசிக்கறதுக்கு முன்னாடியே நம்மளை பின்னாடி குதிக்க வைக்குதே, அதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. பானிக் அட்டாக்ல பாம்பே இல்லாம மணி அடிச்சுடுது. அட்ரினலின் பாயுது, இதயம் 110, 120, 130ன்னு துடிக்குது, குப்புனு வேர்க்குது, ஓடறதுக்கோ சண்டை போடறதுக்கோ உடம்பு தயாராகுது, ஆனா ஓடறதுக்கு எதிர்ல எதுவும் இல்ல. மூச்சு பத்தலன்னு தோணுறதால அவர் வேகமா மேல்மூச்சு வாங்குறாரு, அப்ப ரத்தத்துல இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடு தேவைக்கு மேல வெளிய போயிடுது. அது குறைஞ்சதும் ரத்தத்துல காரத்தன்மை கொஞ்சம் ஏறி, நரம்புக்கு வேலை செய்யற கால்சியத்தோட அளவு தற்காலிகமா இறங்குது, அதனாலதான் உதட்டைச் சுத்தியும் விரல் நுனியிலயும் எறும்பு ஊர்ற மாதிரி மதமதன்னு ஆகுது, சிலருக்கு கை விரல் அஞ்சும் குவிஞ்சு உள்ள இழுத்துக்குது, வீட்டுல இருக்கறவங்க ஃபிட்ஸ்னு நினைச்சு கைல சாவியைத் திணிக்கிறாங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாயும் கொஞ்சம் சுருங்குறதால தலை கிறுகிறுன்னு வருது, சுத்தி இருக்கறதெல்லாம் கனவு மாதிரி தெரியுது. மூச்சு தன் வேகத்துக்குத் திரும்பினதும் இதெல்லாம் தானா சரியாகிடும்.

இதுல ஒரு விஷயத்தை உங்க தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. "மயக்கம் போட்டு நடுரோட்டுல விழுந்துடுவேன்"ங்கிற பயம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும். மயக்கம் வரணும்னா பொதுவா பிரஷர் இறங்கணும், பானிக் அட்டாக்ல பிரஷர் ஏறுது, அதனால உண்மையா மயங்கி விழறது ரொம்ப அபூர்வம். ரத்தத்தைப் பாத்தா, ஊசி போட்டா பயப்படறவங்க மட்டும் இதுக்கு விதிவிலக்கு, அவங்களுக்கு முதல்ல ஏறி அப்புறம் சரக்குன்னு இறங்கிடும், நிஜமாவே விழுந்துடுவாங்க. அவங்களுக்கு வைத்தியமும் வேற, கை கால் தொடை தசையை இறுக்கிப் பிடிச்சு பிரஷரை ஏத்தறதுக்குப் பழக்குவோம்.

தூக்கத்துல வருதே, அப்ப மனசு எப்படி காரணமாகும்னு உங்களுக்கு சந்தேகம் வரும். எல்லாரும் கேக்கறதுதான். பானிக் டிஸார்டர் உள்ளவங்கள்ல நிறைய பேருக்கு ராத்திரி அட்டாக் வரும், அதுவும் கனவு வர்ற தூக்கத்துல வராது, லேசான தூக்கத்துல இருந்து ஆழ்ந்த தூக்கத்துக்கு இறங்குற நேரத்துல வரும். அதனாலதான் கெட்ட கனவு எதுவும் ஞாபகம் இருக்காது, பட்டுனு எழுந்து உக்காந்து நெஞ்சைப் பிடிச்சுப்பாங்க. ஆனா குறட்டை அதிகமா இருக்கா, மூச்சு நின்னு நின்னு வருதா, ராத்திரி லேட்டா சாப்பிட்டு புளிச்ச ஏப்பம் நெஞ்செரிச்சலோட எழுந்திருக்காரான்னு நீங்க கவனிச்சு சொல்லணும், ஏன்னா ஸ்லீப் ஆப்னியாவும் அசிடிட்டியும் இப்படி எழுப்பும். அந்த கேஸ்னு சொன்ன டாக்டரும் சும்மா சொல்லலை.

இப்ப இதை எப்படி உறுதி பண்றோம்னு வர்றேன். பானிக் அட்டாக்குக்கு டிஎஸ்எம்ங்கிற அமெரிக்க மனநோய் கையேட்டுல 13 அறிகுறி இருக்கு, படபடப்பு, வேர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, நெஞ்சு வலி, குமட்டல், தலைசுத்தல், உடம்பு சில்லுன்னு ஆகறது இல்ல கொதிக்கறது, மரத்துப்போறது, எல்லாம் நிஜமில்லாத மாதிரி தோணறது, பைத்தியம் பிடிச்சுடுமோங்கிற பயம், செத்துடுவோமோங்கிற பயம். இதுல குறைஞ்சது நாலு இருந்து, சில நிமிஷத்துலயே உச்சிக்குப் போகணும். ஆனா ஒரு அட்டாக் வந்தா நோய்னு சொல்ல மாட்டோம், வாழ்க்கைல ஒண்ணு ரெண்டு தடவை நிறைய பேருக்கு வந்துட்டுப் போயிடும். காரணமே இல்லாம திரும்பத் திரும்ப வந்து, அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குக் குறையாம "அடுத்தது எப்ப வருமோ"ன்னு அதே நினைப்பா இருந்தா, இல்ல அதுக்காக நடை உடை பழக்கத்தையே மாத்திக்கிட்டா, அப்பதான் பானிக் டிஸார்டர். உங்க தம்பி பஸ் ஏறலன்னு எழுதினீங்க பாருங்க, எனக்கு நாலு ஈசிஜியை விட அந்த ஒரு வரிதான் நிறைய சொல்லுது.

1960கள் தொடக்கத்துல நியூயார்க்ல ஹில்சைட்ங்கிற ஆஸ்பத்திரில டொனால்ட் க்ளைன்னு ஒரு மனநல டாக்டர் இருந்தாரு. வார்டுல சில பேர் அடிக்கடி நர்ஸ் உக்காந்திருக்கற இடத்துக்கு ஓடி வந்து "நான் சாகப்போறேன்"னு கைய பிடிச்சுப்பாங்க, நர்ஸ் கொஞ்ச நேரம் பேசினதும் திரும்பிப் போவாங்க, அப்புறம் மறுபடி ஓடி வருவாங்க. அப்ப புதுசா வந்த இமிப்ரமின் மாத்திரையை அவங்களுக்குக் கொடுத்துப் பாத்தாரு. சில வாரம் ஆச்சு, கேட்டா அவங்க "ஒண்ணும் மாறலை"ன்னுதான் சொன்னாங்க, ஆனா அவங்க ஓடி வர்றது நின்னுடுச்சுன்னு கவனிச்சு சொன்னது நர்ஸுங்கதான். திடீர்னு வர்ற அட்டாக் வேற, நாள் முழுக்க இருக்கற கவலை வேற, ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற மாதிரி வேலை செய்யுதுன்னு அங்கிருந்துதான் புரிஞ்சுது, 1980ல வந்த டிஎஸ்எம் மூணாவது பதிப்புல பானிக் டிஸார்டர் தனி நோயா எழுதப்பட்டுச்சு. நான் இதை ஏன் சொல்றேன்னா, அந்த நர்ஸ் இடத்துல இப்ப நீங்க இருக்கீங்க. மாற்றம் வர ஆரம்பிச்சா தம்பிக்கு முன்னாடி உங்களுக்குத்தான் தெரியும்.

1986ல டேவிட் க்ளார்க்னு ஒரு இங்கிலாந்து உளவியல் நிபுணர் இன்னொரு பக்கத்தை விளக்கினாரு. உடம்புல ஒரு சின்ன மாற்றம் வருது, படி ஏறினதாலயோ தூக்கம் கெட்டதாலயோ டீ அதிகமானதாலயோ லேசா படபடங்குது. அதை "ஹார்ட் அட்டாக்"னு மனசு படிக்குது. அந்த நினைப்பு பயத்தைக் கிளப்புது, பயம் படபடப்பைக் கூட்டுது, கூடின படபடப்பு "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு சாட்சி சொல்லுது. செக்கு மாடு மாதிரி அதே வட்டத்துல சுத்தி சுத்தி பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிடுது. அப்புறம் என்ன பண்ணுவோம்? தப்பிக்கறோம். பஸ்ல இருந்து பாதி வழில இறங்கிடறோம், ஆஸ்பத்திரிக்கு ஓடறோம், மாத்திரையை நாக்குக்கு அடில வைக்கிறோம். கொஞ்ச நேரத்துல அடங்கிடுது. எதுவுமே பண்ணாம இருந்திருந்தாலும் அது அடங்கியிருக்கும், ஆனா மூளை அந்தக் கணக்கை அப்படி எழுதாது, "இறங்கினதாலதான் பொழைச்சேன்"னு எழுதிக்கும். அடுத்த தடவை பஸ் ஸ்டாண்டைப் பாத்தாலே மணி அடிக்கும். அப்புறம் தியேட்டர், அப்புறம் சலூன் சேர், அப்புறம் மேம்பாலம், கடைசில தனியா வீட்டுல இருக்கவே முடியாதுங்கிற அளவுக்கு உலகம் சுருங்கிடும், இதுக்கு அகோரஃபோபியான்னு பேரு. உங்க தம்பி இன்னும் பஸ் கிட்டதான் நிக்கிறாரு, சீக்கிரமா பிடிச்சிருக்கீங்க, எனக்கு அதுல நிம்மதி.

ஹார்ட் சந்தேகத்தை முழுசா தீர்த்துக்கணும், ஆனா ஒரே தடவை, ஒழுங்கா. 27 வயசுக்காரருக்கு ஒரு பொது மருத்துவர் உடம்பை முழுசா பரிசோதிச்சு, ஈசிஜி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், சுகர், தேவைப்பட்டா எக்கோ, இவ்ளோ போதும். தைராய்டு அதிகமா சுரந்தா பதட்ட நோய் மாதிரியே இருக்கும், படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை, நல்லா சாப்பிட்டும் எடை குறையறது. எங்க அம்மாவுக்கே ஒரு ஆஸ்பத்திரில ஒன்றரை வருஷம் "மனக்கவலை, வயசாகுதுல்ல"ன்னு தூக்க மாத்திரை கொடுத்துட்டே இருந்தாங்க, டிஎஸ்ஹெச் ஒரு தடவை பாத்திருந்தா போதும், அப்ப நான் படிச்சுட்டு இருந்தேன், எனக்கும் தோணலை. அதுல இருந்து நான் அந்த டெஸ்ட் இல்லாம பதட்ட நோய்னு எழுதறதே இல்ல.

இன்னொண்ணு கவனிங்க, எஸ்விடின்னு ஒரு இதயத் துடிப்புக் கோளாறு இருக்கு, அது சுவிட்ச் போட்ட மாதிரி சட்டுனு ஆரம்பிச்சு சட்டுனு நின்னுடும், துடிப்பு 150ஐத் தாண்டி 180, 200ன்னு கூட போகும், வந்து போனதுக்கு அப்புறம் ஈசிஜி எடுத்தா சுத்தமா நார்மலா இருக்கும். அதனால அட்டாக் நடக்கும்போதே எடுத்த ஈசிஜி ஏதாவது இருந்தா அதை தங்கம் மாதிரி பத்திரப்படுத்துங்க, இல்லன்னா இதயத் துடிப்பைப் பதிவு பண்ண 24 மணி நேரம் மாட்டி விடற ஹோல்டர் கருவி தேவையான்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு. நடந்தா மாடி ஏறினா வர்ற நெஞ்சு வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுற வலி, உண்மையாவே நினைவு தப்பறது, வீட்டுல யாராவது சின்ன வயசுல ஹார்ட் அட்டாக்ல போயிருக்கறது, இதுல எது இருந்தாலும் பானிக்னு நினைச்சு வீட்டுல உக்காராதீங்க, போங்க. இதெல்லாம் பாத்து தெளிவான பிறகு அஞ்சாவது ஆறாவது ஈசிஜி எடுக்கறதை நிறுத்துங்க. ஒவ்வொரு புது டெஸ்ட்டும் ஒரு நாள் நிம்மதி தரும், அடுத்த நாள் "அவங்க சரியா பாக்கலையோ"ன்னு ஆரம்பிச்சுடும்.

அப்புறம் டீ. சிரிக்காதீங்க, எக்ஸ்போர்ட் லைன்ல ஷிப்மென்ட் நாள் கிட்ட வந்தா பையர் மெயிலுக்கும் செக்‌ஷனுக்கும் நடுவுல எத்தனை டீ உள்ள போகுதுன்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு வாரம் எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. காஃபீன் பானிக் வர்றவங்களுக்கு நேரடியாவே அட்டாக்கைக் கிளப்பும், எனர்ஜி ட்ரிங்க்கும் அப்படித்தான். ஆஸ்துமாவுக்கு அடிக்கிற சால்பியூட்டமால், சில சளி மாத்திரை, ஸ்டீராய்டு இதெல்லாம் படபடப்பு தரும். குடிப்பழக்கம் இருக்கான்னு கோபப்படாம கேளுங்க, நிறைய பசங்க பதட்டத்துக்கு ஒரு கட்டிங் போட்டா தூக்கம் வருதுன்னு ஆரம்பிக்கிறாங்க, விடியக்காலைல போதை இறங்கும்போது அதே பதட்டம் வட்டியோட திரும்பி வருது, அதுக்கு மறுபடி ஒண்ணு.

பதட்ட நோய்ல இது ஒரு வகைதான். உலக சுகாதார நிறுவனம் 2019ல சுமார் 30 கோடி பேருக்கு பதட்ட நோய் இருந்துச்சுன்னு சொல்லுது, அதுல நாலுல ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்குது. அட்டாக்கே இல்லாம ஆறு மாசத்துக்கு மேல பையன் ஸ்கூலுக்குப் போனா கவலை, போன் எடுக்கலன்னா கவலை, ஒண்ணுமே இல்லன்னாலும் கவலை, கழுத்து தோள் இறுகிக் கிடக்கும், தூக்கம் வராது, எரிஞ்சு விழுவாங்க, அது ஜெனரலைஸ்டு ஆங்சைட்டி, நம்ம ஊர் அம்மாக்கள் பல பேர் இதை குணம்னு நினைச்சே ஆயுசு முழுக்க ஓட்டிடறாங்க. நாலு பேர் முன்னாடி பேச, சாப்பிட, கையெழுத்து போடவே பயந்தா அது சோஷியல் ஆங்சைட்டி. திரும்பத் திரும்ப கை கழுவுற ஓசிடியையும், விபத்து வன்முறைக்கு அப்புறம் வர்ற பிடிஎஸ்டியையும் 2013ல டிஎஸ்எம் அஞ்சாவது பதிப்புல தனித்தனி அத்தியாயமா பிரிச்சுட்டாங்க. எதுவா இருந்தாலும் கூடவே மனச்சோர்வு இருக்கான்னு பாக்கணும், பாதி வழில அதுவும் வந்து ஒட்டிக்கும்.

ஜிஏடி-7ன்னு ஏழு கேள்வி இருக்கு, 2006ல வந்தது, கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 21. அஞ்சு லேசு, பத்து நடுத்தரம், பதினஞ்சுக்கு மேல கடுமைன்னு பிரிப்பாங்க. போன்லயே போட்டுப் பாக்கலாம், தப்பில்ல, ஆனா அது சல்லடை மாதிரி, பத்துக்கு மேல வந்தா டாக்டரைப் பாருங்கன்னு சொல்லுமே தவிர நோய் பேரு சொல்லாது.

இப்ப ஆல்பிரசோலம். உங்க தம்பி பாக்கெட்ல இருக்கறது யார் எழுதிக் கொடுத்ததுன்னு நீங்க எழுதலை. கேஷுவாலிட்டில அஞ்சு மாத்திரை எழுதியிருப்பாங்க, அப்புறம் பழகின மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே வாங்கியிருப்பாருன்னு நினைக்கிறேன். அது ஷெட்யூல் ஹெச்1 மருந்து, சீட்டு இல்லாம விக்கக்கூடாது, யாருக்கு எவ்ளோ கொடுத்தோம்னு கடைக்காரர் ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அந்த மாத்திரை வேகமா வேலை செய்யும், அதுதான் அதோட ஆபத்தும். சீக்கிரம் அடங்கும், சீக்கிரம் இறங்கும், இறங்கும்போது பதட்டம் திரும்பும், ஒரு மாத்திரை ரெண்டாகும். நாங்களும் சில பேருக்கு குளோனசெபாம் மாதிரி இந்த குடும்பத்து மருந்தை ஆரம்பத்துல ரெண்டுல இருந்து நாலு வாரம் கொடுக்கறது உண்டு, வேற மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கற வரைக்கும் ஒரு கைத்தடி மாதிரி. அதைத் தாண்டி மாசக்கணக்குல தினமும் போட்டுட்டு இருந்தார்னா, இதைப் படிச்சுட்டு பயந்து இன்னைக்கே தூக்கிப் போடாதீங்க, திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம், டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்துவாரு. குடிச்சுட்டு இதைப் போடவே கூடாது, மூச்சு அடங்கிடும்.

அடிமையாகிடுவானான்னு கேட்டீங்கல்ல, அந்தக் கேள்வி இந்த மாத்திரைக்குத்தான் பொருந்தும். பானிக் டிஸார்டருக்கு நாங்க முக்கியமா தர்றது எஸ்எஸ்ஆர்ஐங்கிற வகை, எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ரலின் இதெல்லாம். அதுக்கு ஏங்கி அலையறது, டோஸ் டோஸா ஏத்திட்டே போறது கிடையாது. பானிக் உள்ளவங்களுக்கு வழக்கத்தை விட கம்மில ஆரம்பிப்போம், எஸ்சிட்டாலோப்ராம்னா 5 மில்லிகிராம், செர்ட்ரலின்னா 25, அப்புறம் மெதுவா ஏத்துவோம், ஏன்னா முதல் ஒரு வாரம் பத்து நாள் குமட்டல், தலைவலி, கொஞ்சம் பதட்டமே கூடற மாதிரி கூட இருக்கும். இந்த இடத்துலதான் பாதி பேர் "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை"ன்னு நிறுத்திடறாங்க, முன்கூட்டியே சொல்லி அனுப்பாத எங்க மேலயும் தப்பு இருக்கு. ரெண்டுல இருந்து நாலு வாரத்துல அட்டாக் குறையறது தெரியும், முழு பலன் தெரிய எட்டு வாரம், சிலருக்கு பன்னண்டு வாரம் கூட ஆகும். நல்லானதும் குறைஞ்சது ஆறு மாசம், பெரும்பாலும் ஒரு வருஷம் தொடர்ந்து போட்டுட்டு டாக்டர் சொல்றபடி படிப்படியா குறைக்கணும், சட்டுனு விட்டா தலைசுத்தல், எரிச்சல், ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு வரும், சில நாள்ல போயிடும் ஆனா அது தேவையில்லாத அவஸ்தை. தாம்பத்யத்துல ஆர்வம் குறையறது, விந்து வெளியாக லேட்டாகறது இதெல்லாம் சிலருக்கு வரும், ஆம்பளைங்க இதை சொல்ல வெக்கப்பட்டு மாத்திரையை மட்டும் நிறுத்திடறாங்க, சொன்னா மாத்தறதுக்கு வழி இருக்கு. 25 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் வருதான்னு கூடுதலா கவனிக்கணும், 27 வயசுன்னாலும் நீங்க கவனிங்க. வீட்டுல யாருக்காவது ஒரு சமயம் அளவு கடந்த உற்சாகம், தூக்கமே இல்லாம பெரிய பெரிய திட்டம், அப்புறம் படுத்த படுக்கைன்னு மாறி மாறி இருந்திருந்தா மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, மருந்து தேர்வே மாறும்.

மாத்திரை ஒரு பாதி. இன்னொரு பாதி சிபிடின்னு சொல்ற உளவியல் சிகிச்சை, பானிக்குக்கு இது மருந்துக்கு சமமா வேலை செய்யுது, சில பேருக்கு இது மட்டுமே போதும். வழக்கமா பன்னண்டு சிட்டிங் மாதிரி வரும். கவுன்சிலிங்னா தைரியமா இருப்பான்னு தோளைத் தட்டி அனுப்பறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இது அப்படி இல்ல, இதுல வேலை இருக்கு. எங்க ஓபி ரூம்ல ஒரு பழைய சுத்துற நாற்காலி இருக்கு, ரெக்ஸின் கிழிஞ்சு பஞ்சு தெரியும். எங்க சைக்காலஜிஸ்ட் அதுல ஆளை உக்கார வச்சு ஒரு நிமிஷம் சுத்துவாங்க. அப்புறம் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா வழியா மட்டும் ஒரு நிமிஷம் மூச்சு விடச் சொல்வாங்க. அப்புறம் மாடிப்படில ரெண்டு மாடி வேகமா ஏறி இறங்கணும். அவர் பயப்படற அதே தலைசுத்தல், அதே மூச்சுத் திணறல், அதே படபடப்பை நாங்களே வேணும்னு வரவைக்கிறோம், வந்ததும் ஓடாம அங்கேயே உக்கார வைக்கிறோம். ஒரு லாரி டிரைவர், நாப்பது வயசு இருக்கும், சுமோ வீரர் மாதிரி உடம்பு, முதல் தடவை நாற்காலில சுத்தினதும் என் கையை அவ்ளோ இறுக்கமா பிடிச்சாரு, மறுநாள் வரைக்கும் தடம் இருந்துச்சு. நாலாவது தடவை இறங்கி நின்னு, "மேடம், இது அதே படபடப்புதான், ஆனா பயம் வரலை"ன்னாரு. படபடப்பையும் பயத்தையும் அன்னைக்குத்தான் அவர் முதல் தடவையா ரெண்டா பிரிச்சுப் பாத்தாரு. இதயக்கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தா இதை செய்ய மாட்டோம், அதனால நீங்களா வீட்டுல ஆரம்பிக்காதீங்க, முதல்ல பழக்கிவிடறவங்க கூட இருக்கணும்.

அப்புறம் பஸ். பஸ் ஸ்டாப்ல போய் நின்னுட்டு மட்டும் வர்றது, ஏறி ஒரு ஸ்டாப்ல இறங்கறது, மூணு ஸ்டாப், கூட்டமில்லாத மத்தியானம், அப்புறம் காலைல எட்டரை மணிக் கூட்டம், முதல்ல நீங்க பக்கத்து சீட்ல, அப்புறம் நீங்க பின் சீட்ல, அப்புறம் அவர் தனியா. பதட்டம் உச்சத்துல இருக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது, பதட்டம் கொஞ்சமாவது குறைய ஆரம்பிச்ச பிறகுதான் இறங்கணும். பாக்கெட்ல இருக்கற அந்த மாத்திரையையும் ஒரு கட்டத்துல வீட்டுலயே வச்சுட்டுப் போகணும், ஏன்னா அது பாக்கெட்ல இருக்கற வரைக்கும் "மாத்திரை இருந்துச்சு, அதான் பொழைச்சேன்"னு மூளை கணக்கு எழுதிட்டே இருக்கும். தண்ணி பாட்டில், விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர், கூடவே வர்ற அக்கா, எல்லாம் இதே கணக்குதான்மா. இது உங்களுக்கு வலிக்கும்னு தெரியும். நீங்க பாசத்துல அவரை தினமும் வண்டில கொண்டுபோய் விடறீங்க, ராத்திரி நாடி பிடிச்சுப் பாக்கறீங்க, அது நோய்க்குத்தான் தீனியாகுது. ஒரே நாள்ல நிறுத்தச் சொல்லலை, டாக்டர்கிட்ட பேசி ஒவ்வொண்ணா விலக்கணும், அவருக்கு சொல்லிட்டு விலக்கணும்.

அம்மா தாயத்து கட்டினதுக்கு சண்டை போடாதீங்க. பையன் ராத்திரில அலறி எழுந்தா அவங்களுக்குத் தெரிஞ்ச மருந்து அது, மந்திரிச்சு திருநீறு பூசறப்ப கொஞ்ச நேரம் மனசு அடங்கறதும் உண்மை. தாயத்து கட்டிக்கிட்டே எங்ககிட்ட வர்றவங்க நிறைய, யாரையும் கழட்டச் சொன்னதில்ல. சங்கிலி போட்டு கட்டி வைக்கிறது, அடிக்கிறது, பட்டினி போடறது, மாத்திரையை நிறுத்தச் சொல்றது, இதுல எது வந்தாலும் அந்த இடத்துல இருந்து கூட்டிட்டு வந்துடுங்க.

கல்யாணம் பண்ணா சரியாகுமா? ஆகாது. இதை நான் எத்தனை வீட்டுல சொல்லியிருப்பேன்னு கணக்கில்ல. கல்யாணச் செலவு, மண்டபக் கூட்டம், புது வீடு, விஷயம் தெரியாத ஒரு பொண்ணு, எல்லாம் சேர்ந்து அட்டாக் கூடும், மறைச்சதுக்காக இன்னொரு சண்டை வரும். குணமான பிறகு தாராளமா பண்ணுங்க, பாக்கற பொண்ணுகிட்ட தம்பியே நேரா சொல்லட்டும். பதட்ட நோய் கல்யாணத்துக்குத் தடையே இல்ல.

எங்க போறதுன்னா, எந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிலயும், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிலயும் மனநலப் பிரிவு ஓபி இருக்கு, மாத்திரை இலவசம். நேர்ல போகத் தயக்கமா இருந்தா 14416ங்கிற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. செத்துடுவேனோன்னு பயப்படறது வேற, செத்தா நல்லாருக்கும்னு சொல்றது வேற, ரெண்டாவதை ஒரு தடவை சொன்னாலும் அவரைத் தனியா விடாம அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயந்தார்னா, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவர் சிகிச்சை விவரம் ரகசியம், அவர் சம்மதமில்லாம முதலாளிக்குக் கொடுக்க முடியாது. அதே சட்டம் உடல் நோய்க்கு இருக்கற மாதிரியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரணும்னு சொல்லுது.

இன்னைக்கு ராத்திரியே அட்டாக் வந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பக்கத்துல உக்காருங்க, வயித்துல கை வச்சு மூச்சை மெதுவா, உள்ள இழுக்கறதை விட வெளிய விடறதை நீளமா விடச் சொல்லுங்க. பேப்பர் கவருக்குள்ள மூச்சு விடறதெல்லாம் பழைய முறை, வேண்டாம், ஒருவேளை நெஞ்சு நுரையீரல் பிரச்சனையா இருந்தா ஆபத்தாகிடும். "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல"ன்னு சொல்லாதீங்க, அவருக்கு ஒண்ணு நடக்குது. "இது அந்த அட்டாக்தான், ஏறுது, ஏறிட்டு இறங்கும், நான் இங்க இருக்கேன்"னு சொல்லுங்க. சுவர்க் கடிகாரத்தைப் பாத்து ஆரம்பிச்ச நேரம், உச்சத்துக்குப் போன நேரம், இறங்கின நேரம், அன்னைக்கு எத்தனை டீ, எத்தனை மணிக்குப் படுத்தாரு, இதை ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. மஞ்சப்பைல அந்த நாலு ஈசிஜிக்கு மேல இந்த நோட்டை வச்சு எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முதல்ல அதைத்தான் பிரிப்பாரு.